ஒரு பக்கம் மட்டும் துளிர்த்த கொன்றை

"அக்கா, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

பங்குனி பிறந்தால் போதும், இந்தக் கேள்வி என் செல்போனுக்கு வந்துவிடும். கேட்பவன் சண்முகம். ராஜபாளையத்தில் நான் தோட்ட மேற்பார்வையாளராக வேலை பார்த்த நூற்பாலையில் இப்போது தோட்டத்தைக் காண்ட்ராக்டுக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவன் அவன். கேள்வியோடு ஒரு போட்டோவும் வரும். ஏதாவது ஓர் இளமரம், ஒரு பக்கம் பச்சைப் பசேலென்று இருக்கும், மறுபக்கம் விளக்குமாற்றுக் குச்சியாக நிற்கும்.

இந்த வருடம் போட்டோவுக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. சித்திரையில் ஆலை விழாவாம். அதற்குள் மறுபக்கமும் இலை வராவிட்டால் மரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆந்திராவிலிருந்து லாரியில் வரும் வளர்ந்த மரத்தை நட்டுவிடச் சொல்லிவிட்டார்களாம். படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மரம் என்ன ட்யூப்லைட்டா, எரியவில்லை என்றால் கழற்றி மாட்டுவதற்கு?

சண்முகத்திடம் போனில் கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான், சொன்னதைச் செய்கிறவன். "கோவப்படாம என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா" என்றான். சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் கோபம் தணியவில்லை. அது அவன் மேல் வந்த கோபம் இல்லை என்பது எனக்கே தெரியும். அது பழைய கோபம். அதை எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தோட்டக்கலையில் பட்டயம் படித்தவள். படித்து முடித்து, பிளவக்கல் பக்கம் ஒரு மாந்தோப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பிறகு இந்த நூற்பாலைக்கு வந்தேன், இங்கேயே தலை நரைத்தேன். படிப்பு எனக்கு மரங்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது, மாந்தோப்பு பொறுமையைச் சொல்லிக் கொடுத்தது. மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் ஆலைக்குள் வந்த பிறகுதான்.

நூற்பாலைத் தோட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்டவும், நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்த மரத்தின் வேர்க்கட்டைச் சாக்கில் சுற்றிக் கட்டவும் நாங்கள் கயிறு வாங்குவதே இல்லை. மில்லில் கழிவு நூலுக்கா பஞ்சம்? ஒரு கட்டு எடுத்து வந்து, முறுக்கி, சுற்றி, முடிச்சுப் போட்டுவிடுவோம். பருத்தி நூல் என்பதால் ஒரு மழைக்காலம் போனால் மண்ணோடு மண்ணாக மக்கிவிடும். அவிழ்க்க வேண்டிய வேலையே கிடையாது. கட்டியவர்களும் மறந்துவிடுவார்கள், மரமும் மறந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், நானும் அப்படித்தான் செய்தேன், அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

பிறகு புது யூனிட் வந்தது. அதன் திறப்பு விழாவில் கேன்டீனுக்கு எதிரே முதலாளியின் அம்மா கையால் ஒரு சரக்கொன்றை நட்டார்கள். எங்கள் நாற்றங்காலில் வளர்ந்த மரம், ஆள் உயரம் இருக்கும், வேர்க்கட்டோடு கொண்டுபோய் வைத்தோம். ஆலையில் எல்லோரும் பெரியம்மா என்று சொல்லும் அவர் அதன் பிறகு எப்போது ஆலைக்கு வந்தாலும் காரை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது அந்த மரத்தைத்தான். அதனால் அந்தக் கொன்றைக்கு அலுவலகத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. இலை ஒன்று பழுத்தால்கூட எனக்கு போன் வரும்.

சில வருடம் நன்றாகத்தான் வளர்ந்தது. கொன்றை மாசியில் இலை உதிர்க்கும், பங்குனி கடைசியில் துளிர்க்கும், சித்திரையில் பூவும் தளிருமாக நிற்கும். அந்த வருடம் கிழக்குப் பக்கக் கிளைகளில் பளபளவென்று தளிர் வந்தது. மேற்கே, கேன்டீன் பக்கம் இருந்த கிளைகளில் ஒரு மொட்டுகூட அசையவில்லை. இப்படி ஒரு மரம் நின்றால் பார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றுவது, அந்தப் பக்கம் யாரோ எதையோ ஊற்றிவிட்டார்கள் என்பதுதான்.

எங்கள் நிர்வாக அலுவலர் அப்படித்தான் நினைத்தார். அவரை ஏ.ஓ. சார் என்போம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்துகிற அதிகாரி என்றால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன். இவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கூட்டுகிற பெண்களைக்கூட "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்பார். எதிரே வருபவருக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மறக்காமல் விசாரிப்பார். ஆனால் பேச்சின் நடுவே கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தால், நம் தலையில் ஏதோ இறங்கப் போகிறது என்று அர்த்தம். துடைத்து முடித்து மாட்டும்போது காரியம் முடிந்திருக்கும், நாம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருப்போம். அப்படிப்பட்ட மரியாதை.

கேன்டீன் முன்னால் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் ஊற்றுவது வேலம்மாளின் வேலை. தேவதானத்துக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகன், பட்டாளத்தில் இருக்கிறான். என்னிடம் வேலை செய்தவர்களிலேயே அவள் கையால் செடி வைத்தால் பிழைக்கும் என்று ஒரு பெயர் அவளுக்கு உண்டு. கேன்டீனில் சோறு வடித்த கஞ்சியை வாளியில் வாங்கி, ஆற வைத்து, மரத்துக்கு ஊற்றுவாள். அதை யாரோ ஒருவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள் என்று போய்ச் சொல்லிவிட்டார்.

ஏ.ஓ. சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். வேலம்மாள் உட்காரவில்லை.

"வேலம்மா, நீங்க அந்த மரத்துல வெந்நீர் ஊத்துனீங்களாம்மா?"

"வெந்நியா? வடிச்ச கஞ்சி ஊத்துனேன் சார். அதும் கைய விட்டுப் பாத்து, ஆறுன பொறவுதான் ஊத்துவேன். மரத்தச் சுத்தித்தான் ஊத்துவேன், ஒரு பக்கமா ஊத்த மாட்டேன்."

"பார்த்தவங்க சொல்றாங்கம்மா."

"யாரு அவிய? எம் முன்னால வந்து சொல்லச் சொல்லுங்க. எம் மவன் நாட்டுக்குக் காவ நிக்கான். நான் ஒரு பச்ச மரத்துக்குக் கொதிநீர் ஊத்துவனா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமல மேல ஏறி, பெருமாள் சந்நிதியில சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன். நீங்களும் வாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், ஒரு பக்கம் துளிர்க்கலைன்னா அதுக்கு எத்தனையோ காரணம் இருக்கும். எனக்குக் கொஞ்சம் டயம் கொடுங்க, வேரைத் திறந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன் நான்.

"தாராளமா பாருங்கம்மா. சித்திரை விழா வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா எடுத்துட்டு ஒரு பனை வச்சிருவோம். ஆனா இன்னைக்கே பெரியம்மா கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும் இல்லையா? சத்தியமெல்லாம் வேண்டாம் வேலம்மா. இப்போதைக்கு வீட்டில இருங்க. கூப்பிட்டு அனுப்புறோம்."

துடைத்து மாட்டிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் பக்கம் ஒரு பொம்பளையை மில்லை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் ஊர் ஒரே ஒரு காரணத்தைத்தான் நினைக்கும். நூல் திருடியிருப்பாள், இல்லாவிட்டால் கேன்டீன் சாமான் திருடியிருப்பாள். மரம், கஞ்சி என்றெல்லாம் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த நேரம் பார்த்து அவள் மகனுக்கு சேத்தூரில் பெண் பேசி, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா போலீஸ்காரர். விசாரிக்காமல் இருப்பாரா?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவதானம் போனேன். வேலம்மாள் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"யக்கா, எனக்கு வேலகூட வேண்டாம். நான் ஒண்ணும் பண்ணலைன்னு அந்த சார் நாலு பேரு முன்ன ஒரு வார்த்த சொல்லட்டும். சம்பந்தி வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்? அவிய ரெண்டு தடவ போன் பண்ணிட்டாவ."

"செத்த பொறு வேலம்மா. என்னன்னு கண்டுபிடிச்சுருதேன்."

"பொறுக்கேன்க்கா. நான் பொறுப்பேன். அவிய பொறுக்கணுமே."

மரத்தில் வேலையை ஆரம்பித்தேன். முதல் காரியமாக அரிவாளோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். காய்ந்த பக்கத்தை வெட்டிவிட்டால் பார்க்கச் சீராக இருக்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். துளிர்க்காத கிளையெல்லாம் செத்த கிளை இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் காலத்தில் ஒருவர் காதிலும் ஏறுவதில்லை. கிளை நுனியிலிருந்து ஆரம்பித்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் கீழே வந்து கீற வேண்டும். மேற்குக் கிளைகளில் நுனி மட்டும்தான் போயிருந்தது. ஒரு முழம் உள்ளே வந்தால் பச்சை. வெளிறிய பச்சைதான், ஆனாலும் பச்சை.

கொதிநீர் பட்டிருந்தால் அடித்தண்டில் பட்டை வெடித்து உரியும், விரலால் அமுக்கினால் பொதபொதவென்று இருக்கும். இங்கே தண்டு கல் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. பிறகு தண்டைச் சுற்றி உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தேன். நல்ல மரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் பாவாடை விரித்த மாதிரி அகலமாகும். கிழக்குப் பக்கம் அப்படித்தான் இருந்தது. மேற்குப் பக்கம் நட்டுவைத்த கம்பம் போல நேராக இறங்கியது. அந்தப் பக்கம் அடியில் ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மண்வெட்டியை விட்டால் இருக்கிற வேரும் போய்விடும். களைக்கொத்தியால் மண்ணை நெகிழ்த்தி, கையால் அள்ளி, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவிக்கொண்டே போனோம். சாக்கு எப்போதோ மக்கிப் போயிருந்தது. நூல் மக்கவில்லை. சுற்றிய சுற்று சுற்றியபடி, முடிச்சு முடிச்சாக, நேற்றுத்தான் கட்டியது போல இருந்தது. மேற்குப் பக்கத்து இரண்டு பெரிய வேர்களை அது இறுக்கி, சதைக்குள் புதைந்து, வேர் அந்த இடத்தில் இடுப்பு ஒடிந்தது போல ஒடுங்கிக் கிடந்தது. கிழக்குப் பக்கம் சுற்று கொஞ்சம் தளர்ந்து போயிருந்ததால் வேர்கள் தப்பித்து வெளியே ஓடியிருந்தன. எந்தப் பக்கத்து வேர் நெரிந்ததோ அந்தப் பக்கத்துக் கிளைக்குத்தான் சாறு ஏறவில்லை.

கட்டிய நூல் ஏன் மக்கவில்லை? திறப்பு விழாவுக்கு முன்பே சோதனை ஓட்டம் தொடங்கியிருந்த புது யூனிட்டில் பருத்தி ஓட்டவில்லை, பாலியஸ்டர் ஓட்டினார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. இனிமேல் தோட்டத்துக்கு வேண்டிய கழிவு நூலைப் புது யூனிட்டிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னது ஏ.ஓ. சார். வழக்கம் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான், நூல் மட்டும் மாறிவிட்டது.

அறுத்தெடுத்த நூலில் ஒரு கற்றையும், பழைய யூனிட் பருத்தி நூலில் ஒரு கற்றையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். டீ வந்த சாஸரை நகர்த்தி வைத்து, அனுமதிகூடக் கேட்காமல் தீக்குச்சி உரசினேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. மற்றது சுருண்டு, உருகி, கறுப்பாகச் சொட்டி, சாஸரில் மணியாக இறுகியது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் வாழ்க்கை முழுக்க நூலில் கழிந்த மனிதர். தீக்குச்சியே தேவைப்பட்டிருக்காது, தொட்டாலே சொல்லிவிடுவார்.

"புரியுதும்மா" என்றார். உடனே புரிந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். "மத்த மரத்துக்கும் இதே நூல்தானே கட்டியிருப்பாங்க? எல்லாத்தையும் பாத்து எடுத்துருங்க. இந்தக் கொன்றைக்கு எவ்வளவு நாள் வேணும்?"

"அடுத்த சித்திரை வரைக்கும் விடணும் சார். இந்த வருஷம் விழாவுக்கு இப்படித்தான் நிக்கும்."

"நிக்கட்டும். பெரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். மரம்னா பொறுமையா இருக்கணும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "வேலம்மாளை எப்ப வரச் சொல்லட்டும் சார்? கேட்டுல எல்லாரும் இருக்கும்போது நீங்களே ஒரு வார்த்தை..."

கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலைக்கு வரச் சொல்லுங்கம்மா. பின்பக்கம் நர்சரியில போட்டுக்குவோம். ஆனா சொல்றது கில்றதெல்லாம் எதுக்கு? நிர்வாகம் ஒரு முடிவு எடுத்துட்டு, அது தப்புன்னு கேட்டுல நின்னு சொன்னா நாளைக்கு யார் மதிப்பாங்க? இதை இத்தோட விட்டுருவோம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணாடி துடைத்துக்கொண்டே ஒருவர் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெரியாமல் பழி போட்டிருந்தால் தெரியாத்தனம் என்று விடலாம். சாஸரில் அந்தக் கறுப்பு மணி கிடக்கும்போதே, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு மரியாதையாக மறைத்தவரை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் சங்கு ஊதி ஷிப்ட் மாறும் நேரம் நான் கேட்டுக்குப் போனேன். யோசித்துப் போனேன் என்று சொன்னால் பொய். கையில் அந்த நூல் கற்றை இருந்தது.

"எல்லாரும் செத்த நேரம் நில்லுங்க! வேலம்மா அந்த மரத்த ஒண்ணும் செய்யல. வேர நெரிச்சது இந்த நூலுதான், நம்ம மில்லு பாலியஸ்டர் நூலு. தோண்டி எடுத்தது நானு. அவ மேல ஒரு குத்தமும் கெடையாது. தேவதானம், சேத்தூர்க்காரங்க யாரு இருக்கியளோ, ஊருக்குள்ள போயி இதையும் சொல்லுங்க!"

சிலர் நின்றார்கள். நூலை வாங்கிப் பார்த்தார்கள். சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். பழிச்சொல் மட்டும் பஸ் ஏறிப் போய் ஊருக்குள் இறங்கிவிடுகிறது. பழி இல்லை என்ற சொல் நடந்துதான் போகிறது, அதுவும் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. அது தேவதானம் போய்ச் சேர்வதற்குள் சேத்தூர்க்காரர்கள் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மில்லில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கவே இல்லையாம். ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

வேலம்மாள் நர்சரி வேலைக்கு வரவில்லை. பின்பக்கமாக வந்து போக, நான் என்ன திருடியா என்று கேட்டாள். அதற்கு மேல் அவளிடம் என்ன வற்புறுத்த முடியும்? எனக்கும் சீக்கிரமே மரியாதை கிடைத்தது. "உங்க அனுபவம் அங்கே தேவைப்படுதும்மா" என்று சொல்லி என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டின் ஹாஸ்டல் தோட்டத்துக்கு மாற்றினார்கள். போவதற்கு முன்னால் ஒவ்வொரு மரமாகத் திறந்து, நூலைப் பிளேடால் துண்டு துண்டாக அறுத்து எடுத்தோம். இழுத்து எடுத்தால் வேர்ப் பட்டையும் கூடவே உரிந்து வந்துவிடும். கொன்றைக்கு யூரியா போடக்கூடாது, டானிக் ஊற்றக்கூடாது, காய்ந்த நுனியைக்கூட அடுத்த துளிர் வரும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்டை விட்டுத் தள்ளிப் பாத்தி கட்டி, சருகு மூடி, ஊறுகிற மாதிரி தண்ணீர் விட்டால் போதும். மீதியை வேர் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது. அடுத்த சித்திரையில் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் பூ கொஞ்சம் குறைவுதான், ஆனால் தளிர் முழுசாக வந்திருந்தது. அதன் அடியில்தான் மேடை போட்டிருந்தார்கள். ஏ.ஓ. சார் பேசும்போது இந்த மரத்தைக் காட்டி, நிர்வாகம் அவசரப்படாமல், நம்பிக்கை இழக்காமல், பொறுமையாக இருந்ததன் பலன் இது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் டீ கிளாஸ் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் மரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே பஸ் பிடித்து தேவதானம் போனேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். வேலம்மாள் யாருடைய வயலிலோ களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, மரத்தை அடியிலிருந்து நுனி வரை ரொம்ப நேரம் பார்த்தாள். காய்ந்த பக்கத்துக் கிளையில் தளிர் வந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து விரலால் தொட்டாள். முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது.

பிறகு போனை என் கையில் திருப்பித் தந்தாள்.

"நல்லாருக்கட்டும்க்கா. அது மரம். அதுக்கு ஒரு வருசம் பொறுத்தாவ. எனக்கு ஒரு நா பொறுத்திருந்தா என்ன?"